ஆற்றின் பாதி வரைக்கும்

அக்கரை மார்ல்பிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் ஊர் ரேவன்ஹோமின் பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிடும். "மூணு வீடு, ஒரு சர்ச்சு, மிச்சமெல்லாம் சேறு" என்பார்கள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. அவர்கள் ஊரில் ரயில் நிற்கிறது, கசாப்புக் கடை இரண்டு இருக்கிறது, அந்தத் திமிர். எங்களுக்கு ட்ரென்ட் ஆறு இருக்கிறது. அவர்களுக்கு அது ஊருக்குப் பின்னால் ஓடுகிறது. எங்களுக்கு வாசலில் ஓடுகிறது, குளிர்காலத்தில் சில நாள் சமையலறைக்குள்ளும் ஓடும்.

என் பேர் ஜேபஸ் ஃப்ரெட்வெல். தேவாலயத்தில் மணி அடிப்பதும் கல்லறைக்குக் குழி வெட்டுவதும் என் வேலை. என் அப்பாவும் இதே வேலைதான் பார்த்தார். வெள்ளம் ஏறிய உயரங்களைத் தேவாலய வாசல் தூணில் கோடு கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறோம். உச்சியில் இருக்கும் கோடு என் மார்புக்கு வரும். அத்தனை தண்ணீரிலும் ஊரை விட்டுப் போகாத ஜனங்கள் நாங்கள். இந்த மேட்டில் முதன்முதலில் இறங்கியவர்கள் வடகடல் தாண்டிப் படகில் வந்த டேனியர்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்வார். என் தாத்தா காலத்தில் துறையில் படகுகள் வரிசை கட்டி நிற்குமாம், ஊரில் நானூறு பேர் இருந்தார்களாம். ரயில் மார்ல்பிக்குப் போனதும் படகு குறைந்தது, ஜனமும் குறைந்தது. அந்த ஒப்பாரியைப் பாட நான் வரவில்லை. கெசையா ஷார்ட்லோவைப் பற்றிச் சொல்ல வந்தேன். மார்ல்பியில் அப்படி ஒரு பொம்பளை இருந்தால் காட்டட்டும், பார்க்கிறேன்.

கெசையாவும் அவள் புருஷன் ஏமோஸும் சரக்குப் படகுக்காரர்கள், படகேதான் அவர்கள் வீடு. ஆறு உறைந்துபோன ஒரு குளிர்காலத்தில் அவர்களுடைய 'ஸ்கைலார்க்' படகு எங்கள் துறையில் மாட்டிக்கொண்டது. மகன் லூக் அப்போது கைக்குழந்தை. பனி உருகினால் போய்விடுவார்கள் என்று நினைத்தோம். பனி உருகியது. ஏமோஸுக்குப் பக்கத்துச் சரளைக்கல் குழியில் நிரந்தரமாக ஏற்றுக்கூலி வேலை கிடைத்தது. படகு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் கூரைமேல் வெங்காயத்தாள் முளைத்தது, புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூண்டு வந்தது. கெசையா ரொம்பக் குள்ளம், என் தோளுக்குக்கூட வரமாட்டாள். குரல் மட்டும் அக்கரைக்குக் கேட்கும். பாதிரியாரிலிருந்து பால்காரன் வரை எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

ஊர் அவளை ஏற்றுக்கொண்டதா என்றால், ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவள் முட்டையை வாங்குவோம். அவள் சொல்லும் நையாண்டிக்குச் சிரிப்போம். ஆனால் ஊர் ஆட்களை எண்ணும்போது அவளை விட்டுவிடுவோம். தரையில் வீடு இருப்பவர்தான் ஊர்க்காரர் என்பது எங்கள் கணக்கு. யார் எப்போது போட்ட கணக்கு என்று யாருக்கும் தெரியாது. கிறிஸ்து விண்ணேறிய திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை நாங்கள் எல்லை அடிக்கப் போவோம். பாதிரியார் முன்னால் நடக்க, ஊரே வில்லோ மரக் கழிகளோடு எல்லைக்கல் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டு சுற்றிவரும். ஏழு வயது நிரம்பிய பிள்ளைகளைத் தலைகீழாகத் தூக்கி உச்சந்தலையைக் கல்லில் மெல்ல மூன்று முறை முட்டவைப்போம். கூட்டம் "ரேவன்ஹோம்!" என்று கத்தும். புதிதாகக் குடிவந்த பெரியவர்கள் குனிந்து தாங்களே முட்டிக்கொள்ள வேண்டும். பாதிரியார் ஆல்சப்பும் முட்டினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு. முட்டு வாங்கியவன் எங்கள் ஆள், வாங்காதவன் விருந்தாளி.

லூக்குக்கு ஏழு வயது ஆனபோது கெசையா அவனுக்குத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊர் சபைத் தலைவர் ஹொரேஸ் டன்னிக்ளிஃப் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய பண்ணைக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் மனுஷனுக்கு விதி என்றால் விதிதான்.

"இவன் வேண்டாம்மா" என்றார்.

"ஏன் ஐயா? ஏழு முடிஞ்சுபோச்சு."

"வயசு சரிதான். உங்க வீட்டுத் தரை மிதக்குதே. நாளைக்குக் கயித்தை அவுத்தா ஊரு மாறிடும். அப்படிப்பட்டவங்களுக்கு முட்டு கெடையாது."

யாராவது நாலு பேர் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும், ஒருத்தரும் பேசவில்லை. கெசையா லூக்கின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

லூக் மீசை முளைக்கிற வயதில் இருந்தபோது ஏமோஸ் ஆற்றில் விழுந்து செத்தான். துறைக்குக் கீழே வளைவில் நடு ஆற்றுக்கு இந்தப் பக்கம் உடல் மிதந்தது. மார்ல்பிப் போலீஸ்காரன் வண்டியோடு வந்து, படகுக்காரன் தானே, நாங்கள் கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்கிறோம் என்றான். டன்னிக்ளிஃப்புக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆத்துல பாதி வரைக்கும் எங்க ஊரு. எங்க தண்ணியில செத்தவனை நாங்க புதைப்போம். போய்யா!" என்று கத்தினார். கத்தியதோடு நிற்கவில்லை, சவப்பெட்டிக்குத் தன் பண்ணை எல்ம் மரப் பலகையையே கொடுத்தார். நான் கல்லறைத் தோட்டத்து யூ மரத்துக்குப் பக்கத்தில் நல்ல உலர்ந்த இடமாகப் பார்த்துக் குழி வெட்டினேன். அன்றைக்கு என் ஊரை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. கெசையா குழிக்கரையில் நின்று டன்னிக்ளிஃப்பை ஏறிட்டுப் பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பெரிய வெள்ளம். தூணில் உச்சிக் கோடு போட்ட வெள்ளம் அதுதான். ஊர் முழுக்க மாடியில் உட்கார்ந்திருந்தோம். கெசையா தன் சின்னத் துடுப்புப் படகில் ரொட்டியும் பாலும் ஏற்றிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வந்தாள். என் பெண்டாட்டி ஃபீபி மாடி ஜன்னலிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்கினாள்.

"என்ன கண்ணு, இன்னிக்கு உன் வீட்டுத் தரை எப்படி இருக்கு?" என்றாள் கெசையா, கீழேயிருந்து.

"தரையா? இங்க எங்க இருக்கு தரை? பாத்திரமெல்லாம் நீச்சல் பழகுது."

"எங்க வீட்டுத் தரையை இப்பத்தான் தொடைச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குத் துடுப்பு போட்டாள்.

டன்னிக்ளிஃப்பின் பரிசு வாங்கிய பெண்பன்றி தொழுவத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று அலறியது. கெசையாவும் லூக்கும் அதை எப்படியோ 'ஸ்கைலார்க்'கில் ஏற்றி வெங்காயத்தாளுக்கு நடுவில் கட்டிப்போட்டார்கள். வெங்காயத்தாள் அத்தனையையும் அது தின்றுவிட்டது. வெள்ளம் வடிந்ததும் டன்னிக்ளிஃப் வேறொரு பன்றியின் பெரிய தொடைக்கறி அனுப்பி வைத்தார். அந்தப் பெண்பன்றி மாவட்டக் கண்காட்சியில் ரேவன்ஹோம் பன்றி என்று மறுபடி பரிசு வாங்கியது. அதைக் காப்பாற்றியவளை அப்போதும் ஊர்க்கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாவட்டத்திலிருந்து ஒரு சேதி வந்தது. நூற்றைம்பது பேருக்குக் குறைவான ஊர்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் என்றால் மார்ல்பி. ஊர் சபை போகும், பேர் போகும், எல்லைக்கல் வெறும் கல்லாகிவிடும். எல்லை அடிக்கும் திங்கட்கிழமையே அதிகாரி வந்து எண்ணுவார் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். வீடு வீடாக விரல் விட்டு எண்ணினோம். நூற்று நாற்பத்தெட்டு.

மறுபடி எண்ணினோம். நூற்று நாற்பத்தெட்டேதான்.

"நம்ம ஃபீபியோட தங்கச்சியைக் கூப்பிட்டு வெச்சுக்கலாமா?" என்றார் ஒருத்தர்.

"அவ வந்தா ரெண்டு பேர் ஊரை விட்டே ஓடிப்போயிடுவாங்க" என்றாள் ஃபீபி.

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒரு குரல், "படகுல நாலு பேர் இருக்காங்க" என்றது. லூக்குக்குக் கல்யாணமாகி டோரா என்ற பெண்ணும் ஒரு குழந்தையும் வந்திருந்தார்கள். எல்லோரும் டன்னிக்ளிஃப்பைப் பார்த்தோம். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொல்லன் வீடு காலியாத்தானே கெடக்கு. ரெண்டு நாளைக்கு அங்க வந்து தங்கட்டும். தரையில இருந்தா எண்ணிக்கலாம். ஜேப், நீ போய்ச் சொல்லு" என்றார். செத்தவர்கள் விஷயத்துக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள், சங்கடமான விஷயத்துக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

கெசையா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"மார்ல்பிக்காரங்க நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க, கண்ணு" என்றாள். "அவங்க துறையில எடம் தர்றாங்களாம். குழாய்த் தண்ணி, தோட்டம் போடத் துண்டு நெலம். கொல்லன் வீட்டுல ரெண்டு நாள் ஒண்டிக்கச் சொல்லல. நிரந்தரமா."

திருட்டுப் பயல்கள். எங்கள் எண்ணிக்கை இன்னும் குறையட்டும் என்றுதான் அந்த உபசாரம்.

"நீ என்ன சொன்ன, கெசி?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன். நான் ஒண்ணு கேக்கறேன், ஜேப். ஏமோஸ் செத்தப்ப ஆத்துல பாதி எங்க ஊருன்னு உங்க தலைவர் கத்துனாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இந்தப் படகு எங்க நிக்குது? பாதிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? இங்க நான் விழுந்து செத்தா நாளைக்கே குழி வெட்டிப் புதைச்சு, நம்ம ஊரு பொணம்னு சொல்லிக்குவீங்க. உசுரோட இருக்கிற வரைக்கும் நான் யாரோ. செத்தாத்தான் ஊர்க்காரியா? இது என்ன நியாயம், கண்ணு?"

முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வி எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

"இந்த ஊரை உண்டாக்குனவங்களே படகுல வந்தவங்கதானாமே, டீச்சரம்மா சொன்னாங்க" என்றாள். "அவங்களுக்கு யாரு முட்டு குடுத்தா? போய்ச் சொல்லு. நான் தரையில எறங்க மாட்டேன். எண்ணுறதா இருந்தா இருக்கிற எடத்துல எண்ணு. கேக்கறதா இருந்தா அவரு வந்து கேக்கட்டும். என் வீட்டுக்கு வாசல் இருக்கு."

டன்னிக்ளிஃப் வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு, பூட்ஸ் துடைத்து, நடைப்பலகையில் பயந்து பயந்து ஏறினார். இத்தனை வருஷத்தில் அந்தப் படகில் அவருடைய பன்றி ஏறியிருக்கிறது, அவர் ஏறியதில்லை. கூடவே நானும் போனேன். அறைக்குள் நுழைகிற வாசல் உத்தரம் தாழ்வாக இருக்கும். நான் "குனிங்க" என்று சொல்வதற்குள் நெற்றி அதில் மோதி நங்கென்று ஒரு சத்தம்.

உள்ளேயிருந்து கெசையா எட்டிப் பார்த்தாள். "முட்டு வாங்கியாச்சா? இனிமே நீங்க எங்க ஆளு. உள்ள வந்து டீ குடிங்க."

டோரா வாயைப் பொத்திக்கொண்டாள். டன்னிக்ளிஃப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து வெளுத்த பலகை, ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நான் கேக்க வந்துட்டேன்" என்றார். "ஊரு போயிடும் போல இருக்கு. நீங்க நின்னாத்தான் நிக்கும்."

"ஊரு எனக்கும் வேணும், ஐயா. என் புருஷன் அங்க படுத்திருக்கான். அவனை மார்ல்பிக் கணக்குல எழுத விடுவேனா?" என்றாள் கெசையா. "ஆனா ஒண்ணு. என் மகனுக்குத் தரவேண்டிய முட்டு பாக்கி நிக்குது. அதை நடு ஆத்துல குடுக்கணும். எல்லை எங்க இருக்கோ அங்க. இத்தன வருஷமா கரையோட திரும்பிப் போயிட்டீங்க, கால் நனையுமேன்னு. அதுதான் தப்பு. பாதி ஊரை நீங்களே விட்டுக்குடுத்துட்டீங்க."

டன்னிக்ளிஃப் எழுந்து, இந்தத் தடவை நன்றாகக் குனிந்து வெளியே போனார். போகும்போது, "திங்கக்கெழமை எஞ்சினைத் தயார் பண்ணி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கல்லுக்கல்லாக அடித்துக்கொண்டு துறைக்கு வந்தோம். வழக்கமாக அங்கே வலதுபக்கம் திரும்பிக் கரையோடு போவோம். இந்தத் தடவை பாதிரியார் திரும்பாமல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக நடைப்பலகையில் ஏறினார். ஊர் சபை ஏறியது, மாவட்டத்து அதிகாரி ஏறினார், ஃபீபியும் நானும் ஏறினோம். மிச்ச ஊர் கழிகளோடு கரையில் நின்றது. எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது. நடு ஆற்றில் லூக் நங்கூரம் போட்டான்.

"அடிங்க!" என்றார் டன்னிக்ளிஃப்.

நாங்கள் படகின் ஓரத்தில் வரிசையாக நின்று ஆற்றை அடித்தோம். கிழட்டு மனுஷர்கள் கழியால் தண்ணீரை விளாசுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அக்கரையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த மார்ல்பிக்காரன் ஒருத்தன் கத்தினான்: "ஆத்தை எதுக்குய்யா அடிக்கிறீங்க? மீனு ஏதும் திருடிட்டுதா?"

"உங்க பக்கம் தண்ணி தெறிச்சா சொல்லு, வந்து திருப்பி எடுத்துக்கறோம்!" என்று ஃபீபி திருப்பிக் கத்தினாள். அவளைக் கட்டிக்கொண்டதற்கு நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

முட்டுவதற்கு நடு ஆற்றில் கல் ஏது? டன்னிக்ளிஃப்பே அந்த வாசல் உத்தரத்தைத் தட்டிக் காட்டினார். "இது கெட்டியான கல்லுதான். எனக்குத் தெரியும்" என்றார். மீசைக்காரன் லூக் குனிந்து அதில் மூன்று முறை முட்டினான். ஒவ்வொரு முட்டுக்கும் கரையிலிருந்து "ரேவன்ஹோம்!" என்று சத்தம் வந்தது. ஏழு வயதுப் பையனாகத் திரும்பிப் போனவன், அப்பனாகி முட்டு வாங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான். டோரா முட்டினாள். குழந்தைக்கு ஏழு வயது ஆகட்டும் என்று யாரோ சொன்னார்கள், டன்னிக்ளிஃப் கேட்கவில்லை. விதிப்படியே நடந்த மனுஷன் குழந்தையைத் தானே வாங்கி அதன் பஞ்சுத்தலையை மரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தார்.

கடைசியில் கெசையா. அங்கேதான் ஒரு சிக்கல். மற்றவர்கள் எல்லோரும் குனிய வேண்டிய உத்தரம் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. முப்பது வருஷம் அந்த வாசலில் போய் வந்தவள், ஒரு நாளும் அதில் இடித்துக்கொண்டதில்லை. நுனிக்காலில் நின்று பார்த்தாள், எட்டவில்லை. கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஜேப், அந்தப் பக்கம் பிடி" என்றார் டன்னிக்ளிஃப்.

நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக அவளைத் தூக்கினோம். எல்லை அடிப்பில் ஒருத்தரை மேலே தூக்கி முட்டவைத்தது எங்கள் ஊர் சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான். "மெதுவா கண்ணு, நான் பன்னி இல்ல" என்றாள் அவள் அந்தரத்தில். உச்சந்தலை உத்தரத்தில் மூன்று முறை பட்டது. கரையில் எழும்பிய சத்தத்தில் வில்லோ மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

அவளைக் கீழே இறக்கியதும் அதிகாரி பேனாவைத் திறந்தார். நடு ஆறு வரை ஊர் எல்லை என்பதில் அவருக்குத் தகராறு இல்லை. "நூத்தி அம்பத்திரெண்டு, சரி" என்றார். "வீட்டு அடையாளம்னு ஒண்ணு வேணுமே. தெருவா, பண்ணையா? என்னன்னு போடட்டும்?"

கெசையா வாயைத் திறந்தாள். அதற்குள் டன்னிக்ளிஃப் முந்திக்கொண்டார். தொப்பி கையில் இருந்தது, நெற்றியில் அந்த நீலப் புடைப்பு இன்னும் வற்றவில்லை.

"எழுதிக்கங்க சார்" என்றார். "வெள்ளம் வந்தப்ப எங்க ஊருல தரை நனையாத ஒரே வீடு."

எதற்கும் பதில் வைத்திருக்கிற கெசையா ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். லூக் அவள் தோளில் கை வைத்தான். கரைக்கு வந்ததும் நான் யாரோடும் பேசாமல் நேரே மணிக்கூண்டுக்குப் போனேன். மார்ல்பியில் கேட்கிற வரைக்கும் அடித்தேன்.